ஏன் என்று கேட்டு ஒரு வருஷம் போனது, எப்போது என்று கேட்டபோதுதான் காகிதம் வந்தது

2018 ஜனவரியில் ஒரு நாள் காலை, நீலகிரி மலையில் அருவங்காடு ஸ்டேஷனுக்கு மேலே உள்ள டீக்கடையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி. கடலுக்கடியில் உள்ள கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்து அழிக்கும் 12 கப்பல்களைக் கோவாவில் கட்டும் திட்டம், சுமார் 32,000 கோடி ரூபாய்த் திட்டம், கைவிடப்பட்டது என்று போட்டிருந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். கை நடுங்கியது என்று சொன்னால் மிகையாக இருக்கும், ஆனால் டீ ஆறிப்போனது நிஜம். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினேன். "நம்ம மலையில கடலே இல்லீங்களே, நமக்கென்னங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கார்டைட் வெடிமருந்து பேக்டரி சங்கு ஊதினால் நேரம் பார்க்கும் ஊர் இது, வெலிங்டனில் முப்படை ஆபீசர்கள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜ் இருப்பதால் வெள்ளை யூனிஃபார்ம் போட்ட கடற்படை ஆபீசர்கள் குன்னூர் மார்க்கெட்டில் கேரட் வாங்குவதைப் பார்த்துப் பழகிய ஊர், இருந்தாலும் கடற்படையில் ஒரு திட்டம் நின்றுபோனால் அது எங்கோ நடக்கிற விஷயம்தான்.

எனக்கு அப்படி இல்லை. நான் 80-களின் கடைசியில் கடற்படையில் சேர்ந்தேன், ஒடிசாவில் சில்கா பயிற்சி முடித்து, அப்புறம் பல வருஷம் விசாகப்பட்டினம். அதில் ஒரு பகுதி மைன் ஸ்வீப்பரில், அதாவது கண்ணிவெடி அகற்றும் கப்பலில்.

அந்தக் கப்பல் என்ன செய்யும் என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் போர்க்கப்பல் என்றாலே பீரங்கியும் ஏவுகணையும்தான் நினைவுக்கு வரும். கண்ணிவெடி என்பது கடலின் அடியில் கிடக்கும், அல்லது சங்கிலியில் கட்டப்பட்டு தண்ணீருக்குள் மிதக்கும். ஒரு துறைமுக வாயிலில் நாலைந்து போட்டுவிட்டுப் போனால் போதும், அதை எடுக்கும் வரை ஒரு சரக்குக் கப்பல்கூட உள்ளே வராது, வெளியே போகாது. முதல் உலகப்போரில் ஜெர்மனியின் வுல்ஃப் என்ற கப்பல் 1917-ல் கொழும்புக்கும் பம்பாய்க்கும் வெளியே கண்ணிவெடி போட்டுவிட்டுப் போனது, அதில் கப்பல்கள் மூழ்கின. நமக்கு எம்டன் பெயர் தெரியும், வுல்ஃப் பெயர் தெரியாது, ஏனென்றால் அது சத்தமில்லாமல் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது. நம் நாட்டின் வெளிநாட்டு வர்த்தகத்தில், எடைக்கணக்கில் பார்த்தால், சுமார் 95 சதவீதம் கடல் வழியாகத்தான் வருகிறது, போகிறது. தமிழ்நாட்டில் மட்டும் சென்னை, எண்ணூர், தூத்துக்குடி என்று மூன்று பெரிய துறைமுகங்கள். இந்த மலையில் அடுப்பெரியும் கேஸிலிருந்து தோட்டத்துக்குப் போடும் பொட்டாஷ் வரை அந்த வழியில் வருவது எவ்வளவு என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

எங்கள் கப்பலின் பின்தளத்தில் ஒரு பெரிய வின்ச் இருக்கும். அதிலிருந்து ஸ்வீப் வயரைக் கடலுக்குள் விடுவோம். கப்பல் மெதுவாக இழுத்துக்கொண்டே போக, வயர் பின்னால் பக்கவாட்டில் விரிந்து போகும், அதில் இடைவெளி விட்டு கட்டர்கள் மாட்டியிருப்போம், கண்ணிவெடியைக் கட்டியிருக்கும் சங்கிலி அதில் சிக்கினால் அறுந்து வெடி மேலே மிதந்து வரும், அப்புறம் அதைச் சுட்டு வெடிக்க வைப்பது. காந்தத்துக்கு வெடிக்கிற வகைக்கும் சத்தத்துக்கு வெடிக்கிற வகைக்கும் வேறு கருவிகள். விடியற்காலையில், விசாகப்பட்டினத்தின் டால்ஃபின்ஸ் நோஸ் குன்று கறுப்பாகத் தெரியும் நேரத்தில், எங்கள் பெட்டி ஆபீசர் (மூத்த மாலுமி) ஓடும் வயரின் அதிர்வைக் காலால் உணர்ந்தே ஏதோ சரியில்லை என்று சொல்லிவிடுவார். வயர் எத்தனை மணிக்குக் கடலில் இறங்கியது, எத்தனை மணிக்கு ஏறியது, அப்போது வாட்ச் டூட்டியில் யார், எல்லாம் லாக் புக்கில் ஏறும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும். அடித்தது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். இந்த லாக் புக் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அந்தக் கப்பல்கள் எல்லாம் சோவியத் யூனியனில் கட்டியவை, 1970-களின் கடைசியிலிருந்து 80-கள் வரை வந்தவை, மொத்தம் 12. கடலூர், காக்கிநாடா, கோழிக்கோடு, கார்வார் என்று கடலோர ஊர்ப் பெயர்களே வைத்திருந்தார்கள். வயதாகி ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. 2019 ஏப்ரலில் கடைசியாக ஐ.என்.எஸ். கோழிக்கோடும் போனது. அன்றிலிருந்து நம் கடற்படையில் இந்த வேலைக்கென்றே கட்டிய கப்பல் ஒன்றுகூட இல்லை.

இப்போது திட்டத்தின் கதை. 2008-ல் புதிய கப்பல்களுக்கு டெண்டர் விட்டார்கள். ஒரு தென் கொரிய நிறுவனம் குறைந்த விலை சொல்லி முன்னால் வந்தது. இடைத்தரகர்களைப் பயன்படுத்தியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது, 2014-ல் அந்த டெண்டர் ரத்து. அப்புறம் கோவா கப்பல் கட்டும் தளமே வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தை வாங்கி 12 கப்பல் கட்டட்டும் என்று முடிவாகி, மறுபடியும் அதே நிறுவனத்தோடு பேச்சுவார்த்தை நடந்து, அது 2018-ல் நின்றது. பத்து வருஷம். ஒரு கப்பல்கூட இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் அந்த வாரமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினேன். அந்த மனுவை இப்போதும் வைத்திருக்கிறேன். மூன்று பக்கம். என் சர்வீஸ் வரலாறு முழுவதும் எழுதி, நாட்டுக்கு இவ்வளவு பெரிய அநியாயம் ஏன் நடந்தது, இதற்கு யார் பொறுப்பு, அவர்கள் மேல் ஏன் நடவடிக்கை இல்லை என்று பதினொரு கேள்வி. முதலில் மனுவே திரும்பி வந்தது, போஸ்டல் ஆர்டரில் பெயர் தப்பாக எழுதியிருந்தேன். மத்திய அரசு அலுவலகம் என்றால் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரை அந்த அலுவலகத்தின் அக்கவுண்ட்ஸ் ஆபீசர் பெயருக்கு எடுக்க வேண்டும், நான் அமைச்சகத்தின் பெயரையே எழுதி வைத்திருந்தேன். திருத்தி அனுப்பினேன். பதில் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது, வந்தது ஒரே பத்தி. கேட்கப்பட்டவை விளக்கங்களும் கருத்துகளும் ஆகும், சட்டப்படி அவை 'தகவல்' என்ற வரையறைக்குள் வராது. எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை, அதற்காக இதை எழுதவில்லை.

மேல்முறையீடு செய்தேன், அதுவும் அதே கோபத்தோடு. அதே பதில். ஒரு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

அப்போதுதான் கேத்தி பக்கம் இருக்கும் ஓர் அண்ணன் அறிமுகமானார். கணக்குத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் மனுவை மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பொறுமையாகப் படித்தார், பேனாவை எடுத்து 'ஏன்' என்ற சொல் வருகிற இடமெல்லாம் வட்டம் போட்டார். மொத்தம் ஒன்பது வட்டம்.

"தம்பி, ஏன்னு கேட்டா அவங்க பதில் சொல்லணும்னு சட்டத்துல இல்லீங்க. அவங்க கிட்ட இருக்கற காகிதத்தைத்தான் குடுக்கணும். எந்தக் காகிதம்னு கேளுங்க. எப்போன்னு கேளுங்க. தேதியைக் கேட்டீங்கன்னா ஏன்கிறது அதுலயே தெரிஞ்சுடும்."

எனக்கு உடனே லாக் புக்தான் நினைவுக்கு வந்தது. ஒரு கோப்பும் அப்படித்தான் என்று அவர் விளக்கினார். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் குறிப்பு எழுதுகிறார், கீழே கையெழுத்து, தேதி. கோப்பு அடுத்த மேசைக்குப் போகிறது. மூன்றாம் தேதி அனுப்பியதற்கு அடுத்த குறிப்பு ஏழு மாதம் கழித்து வந்திருந்தால், அந்த ஏழு மாதம் அது எங்கே இருந்தது என்று யாரும் வாயால் சொல்ல வேண்டியதே இல்லை.

இரண்டாவது மனுவை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினோம். ஒரே பக்கம். சர்வீஸ் வரலாறு கிடையாது, எதற்காகக் கேட்கிறேன் என்ற காரணமும் கிடையாது, காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்தின் பிரிவு 6(2) சொல்கிறது. கேட்டது இவ்வளவுதான்: இந்தத் திட்டத்துக்கான டெண்டர் எந்தத் தேதியில் வெளியிடப்பட்டது, எந்தத் தேதியில் திரும்பப் பெறப்பட்டது, திரும்பப் பெறும் கடிதத்தின் நகல். விலைப் பேச்சுவார்த்தைக் குழு கூடிய தேதிகளின் பட்டியல். பேச்சுவார்த்தை தொடங்கிய நாளிலிருந்து முடிந்த நாள் வரை இந்த வேலைக்காக அரசு செலவிட்ட தொகை, ஆண்டுவாரியாக. ரத்துக்குப் பிறகு மாற்று ஏற்பாடு பற்றி முடிவெடுத்த கூட்டத்தின் தேதி. கடைசியில் ஒரு வரி: இவற்றில் நாட்டின் பாதுகாப்பு கருதித் தர முடியாத பகுதி இருந்தால், பிரிவு 10-ன்படி அதை மட்டும் நீக்கிவிட்டு மீதியைத் தரவும்.

அந்தக் கடைசி வரி முக்கியம். பாதுகாப்புத் துறை சம்பந்தமான மனு என்றால் பிரிவு 8(1)(ஏ)-வைக் காட்டி மறுப்பது வழக்கம், நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலைத் தர வேண்டியதில்லை என்கிற பிரிவு அது. அது இருக்க வேண்டிய பிரிவுதான், நான் சண்டை போட மாட்டேன். கப்பலின் சோனார், அதாவது ஒலியை வைத்து நீருக்கடியில் தேடும் கருவி, எவ்வளவு தூரம் கேட்கும், எந்தத் துறைமுகத்தில் எத்தனை நிற்கும் என்று நான் கேட்கவும் இல்லை, கேட்கவும் கூடாது. சர்வீஸில் இருந்தவர்களுக்கு இதைத் தனியாகவே சொல்கிறேன், பணியில் இருந்தபோது தெரிந்துகொண்ட எதையும் மனுவில் எழுதாதீர்கள், அரசு ரகசியச் சட்டம் ஓய்வு பெற்ற பிறகும் நம்மைக் கட்டும். ஆனால் ஒரு கூட்டம் நடந்த தேதியில் என்ன ரகசியம் இருக்கிறது?

இன்னொன்று. டி.ஆர்.டி.ஓ. என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு மாதிரி சில அமைப்புகள் இந்தச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றவை, ஊழல், மனித உரிமை மீறல் புகார்களைத் தவிர மற்றதைத் தர வேண்டியதில்லை. பாதுகாப்பு அமைச்சகமும் கடற்படையும் அந்தப் பட்டியலில் இல்லை. நிறையப் பேர் ராணுவம் என்றாலே கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அப்புறம், தமிழிலேயே எழுதலாம், தமிழ்நாட்டிலிருந்து அனுப்பும் மனுவுக்கு அந்த உரிமை உண்டு. நான் ஆங்கிலத்தில் அனுப்பினேன், பதில் சீக்கிரம் வரும் என்ற ஆசையில்தான்.

சீக்கிரம் வரவில்லை. மனு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று மாற்றப்பட்டுக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் பிரிவு 6(3)-ன்படி மாற்றப்படுகிறது என்று ஒரு கடிதம் எனக்கு வரும். முதலில் எரிச்சலாக இருந்தது. அண்ணன்தான், "வரட்டுங்க, ஒவ்வொரு லெட்டரையும் பைல்ல போடுங்க, யாருகிட்ட இல்லைங்கறதும் தகவல்தானுங்க" என்றார். அது உண்மை. நாலு கடிதம் சேர்ந்தபோது, இந்தத் திட்டத்தின் துண்டுகள் எந்தெந்த மேசைகளில் இருந்தன என்று ஒரு வரைபடமே கிடைத்துவிட்டது.

முப்பது நாளில் பதில் வரவில்லை என்றால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் சரியில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் மத்திய தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. நாள் கணக்கைக் காலண்டரில் சிவப்பு மையில் போட்டு வையுங்கள். நான் முதல் மேல்முறையீட்டோடு ஒரு பதில் வாங்கினேன். சில தேதிகள் வந்தன, சில மறுக்கப்பட்டன. செலவு பற்றிய கேள்விக்கு வந்த வரியைத்தான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகாததால் பணம் வழங்கப்பட்ட கேள்வி எழவில்லை என்றது அது.

பொய் இல்லை. ஒப்பந்தமே ஆகவில்லை, பணமே கொடுக்கவில்லை. ஆகவே நஷ்டம் இல்லை. நஷ்டம் இல்லாததால் கேட்க ஒன்றும் இல்லை. எனக்கு அந்த இடத்தில்தான் விஷயம் பிடிபட்டது. பணம் போயிருந்தால் தணிக்கை அதிகாரி கேட்பார், நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு கேட்கும், பத்திரிகை எழுதும். இங்கே போனது காலம் மட்டும்தான். காலத்துக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஒரு பத்தி இல்லை. ஒவ்வொரு மேசையில் இருந்தவரும் தன் விதிப்படி நடந்திருக்கலாம், டெண்டரை ரத்து செய்ததுகூட சரியான முடிவாக இருந்திருக்கலாம், இடைத்தரகர் விவகாரத்தைக் கண்டும் காணாமல் விட்டிருந்தால் அதையும் நானே கேட்டிருப்பேன். ஆனால் ரத்து செய்கிற நாளிலேயே, பழைய கப்பல்கள் எந்த வருஷம் ஓய்வு பெறும் என்பதும் அவர்களுக்குத் தெரியும் இல்லையா? இரண்டு தேதியையும் ஒரே தாளில் எழுதி அதன் கீழ் ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அதைத்தான் நான் பொறுப்பு என்கிறேன்.

இது முதல் முறையும் இல்லை. 1981-ல் மேற்கு ஜெர்மனியோடு நீர்மூழ்கிக் கப்பல் ஒப்பந்தம் போட்டோம். இரண்டு அங்கே கட்டி வந்தன, இரண்டு மும்பை மசகான் தளத்தில் நம் ஆட்களே கட்டினார்கள். 1987-ல் கமிஷன் குற்றச்சாட்டு வெடித்தது, மேற்கொண்டு கட்டுவதாக இருந்தது கைவிடப்பட்டது. மும்பையில் கட்டிய இரண்டாவது கப்பல் சங்குல் 1994-ல் கடற்படையில் சேர்ந்தது. அதே தளத்தில் கட்டிய அடுத்த நீர்மூழ்கி, கல்வரி, சேர்ந்தது 2017 டிசம்பரில். நடுவில் 23 வருஷம். நீர்மூழ்கியின் உடலை வெல்டிங் செய்வது சாதாரண வேலை இல்லை, அதைப் படித்து வந்த தொழிலாளிகள் ஓய்வு பெற்றுப் போனார்கள், அவர்கள் கையில் இருந்ததைக் கற்றுக்கொள்ள அடுத்த தலைமுறைக்கு எதிரில் ஒரு கப்பல் இல்லை. அந்த நஷ்டத்துக்கு எந்த ரசீதும் கிடையாது.

வேறு நாட்டிலும் ரத்து நடக்கிறது. ஆஸ்திரேலியா 2021 செப்டம்பரில் பிரான்ஸிடம் 12 நீர்மூழ்கி வாங்கும் திட்டத்தைக் கைவிட்டது. அவர்கள் செய்தது சரியா தப்பா என்பது வேறு பேச்சு. ஆனால் அடுத்த வருஷமே புதிய பிரதமர் அந்த பிரெஞ்சு நிறுவனத்துக்கு 55.5 கோடி யூரோ இழப்பீடு, மொத்தத்தில் மக்களுக்கு ஆன செலவு 340 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று பகிரங்கமாகச் சொன்னார். ஒரு தொகை இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க முடிகிறது.

மனு மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள், சொல்லப்போனால் அதை நான் கடைசியில் செய்திருக்க வேண்டும். முதலில் நாடாளுமன்ற இணையதளத்தில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு வந்த பழைய கேள்வி பதில்களைத் தேடியிருக்க வேண்டும். எழுத்துப்பூர்வ பதில்கள் தேதியோடு அப்படியே கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பாதுகாப்புத் துறைக்கான நிலைக்குழுவின் மானியக் கோரிக்கை அறிக்கைகளும் அங்கேயே இருக்கின்றன, கடற்படை தன் குறையைத் தானே சொல்லும் இடம் அது. நான் முதல் மனுவில் கேட்ட பாதி விஷயம் அதில் ஏற்கெனவே அச்சாகி இருந்தது. ஒரு எம்.பி. அலுவலகத்துக்கும் எழுதிப் பார்த்தேன், கேள்வியை வாங்கிக்கொண்டார்கள், கேள்விகளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் விழவில்லை. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விக்கு வாய்மொழி பதில், 230 கேள்விக்கு எழுத்துப் பதில் என்று கணக்கு, இடம் கிடைப்பது எளிதில்லை. இரண்டு மூன்று எம்.பி.க்களுக்கு ஒரே கேள்வியைக் கொடுத்திருந்தால் வாய்ப்பு கூடியிருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

2025 ஜனவரி 15 அன்று மும்பையில் புதிய ஐ.என்.எஸ். நீலகிரி கடற்படையில் சேர்ந்தபோது இங்கே பலருக்கு சந்தோஷம், வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்து குவிந்தது. எனக்கும் சந்தோஷம்தான். 1972-ல் வந்த பழைய நீலகிரியின் பெயரை மறுபடி வைத்திருக்கிறார்கள், அப்பா அதைப் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று டீக்கடையில் அதே ஆள், "நம்ம மலை பேர்ல கப்பலாமேங்க" என்றார். அந்தக் கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் முன்னால் ஒரு சின்னக் கப்பல் வழியைத் துழாவிக் கொடுக்க வேண்டும், அந்தச் சின்னக் கப்பல்தான் நம்மிடம் இல்லை என்று அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். இந்த முறை கேட்டார். எப்போ வரும் என்றுகூடக் கேட்டார்.

2025 ஜூலை 3-ஆம் தேதி, பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் கண்ணிவெடி அகற்றும் கப்பல்களுக்கு மறுபடியும் தேவை ஏற்பு, அதாவது இவை தேவை என்ற ஒப்புதல், கொடுத்தது. அது முதல் படி மட்டுமே, டெண்டர், பேச்சுவார்த்தை, ஒப்பந்தம் எல்லாம் அப்புறம். அன்று சாயங்காலம் ஒரு நீளநோட்டை எடுத்துக் கோடு போட்டேன். முதல் பத்தியில் என்ன நடந்தது, இரண்டாவதில் எப்போது, மூன்றாவதில் அந்தத் தகவல் எங்கே அச்சாகி இருக்கிறது. ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன். அண்ணன் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் ஒன்றை வாங்கி என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார், பெயர் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டு.